வாரச் சம்பளக் குடும்பத்தில் காசு எங்கே போகிறது? திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்க

பிச்சிப்பூ (திருப்பூர்):
எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளாக மத்தவங்க எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம், ஷிப்ட் ஒழுங்காக ஓடினால் வாரம் 6,000 வரும், ஆர்டர் இல்லாத வாரம் 4,000க்கும் இறங்கும். நான் முன்னே கைமடியாக (டெய்லருக்கு உதவியாள்) போய்க்கொண்டிருந்தேன், சின்னவன் பிறந்த பிறகு வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன், அதில் வாரம் 700, 800 கிடைக்கும். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. லைன் வீடு, வாடகை 5,000, கரண்டு தனி. குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. நகைக் கடன் ஒன்று இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் மாசம் 25,000 பக்கம் வருகிறது, ஆனால் வாடகை கொடுக்கும் வாரம் வந்தாலே வயிற்றைக் கலக்குது, கையில் எதுவும் நிற்பதில்லை. நெட்டில் தேடினால் காபி ஷாப்புக்குப் போகாதீங்க, படம் பார்க்கக் கட்டும் சந்தாவை நிறுத்துங்க என்கிறார்கள், அதெல்லாம் எங்களிடம் இருந்தால்தானே நிறுத்த. நம்ம ஊர்ப் பிழைப்புக்குத் தகுந்த மாதிரி யாராவது சொல்லுங்க.

கொடுமுடிக்காரி (ஈரோடு):
வா கண்ணு. முதலில் அடுப்படியில் இருந்து ஆரம்பிப்போம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், வெளியே இரண்டுமே நூறு ரூபாய்க்கு மேல். இதை மாசா மாசம் வாங்குகிறாயா, இல்லை கூட்டம் என்று விட்டுவிடுகிறாயா? நிறையப் பேர் அரிசி, சர்க்கரையை மட்டும் வாங்கிவிட்டு "பருப்பு வரல" என்று கடைக்காரர் சொன்னதோடு திரும்பிவிடுகிறார்கள், மறுபடி போய்க் கேட்பதில்லை. ரேஷன் புழுங்கலரிசியை நாலு டம்ளருக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் போட்டு அரைத்தால் இட்லி ஒன்றும் கல்லு மாதிரி வராது, கூடக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும், அவ்வளவுதான். நான் இருபது வருஷமாக அப்படித்தான் ஆட்டுகிறேன். பாக்கெட் மாவு வாங்குகிறாய் என்றால் அதை முதலில் நிறுத்து.

காய்க்கு உழவர் சந்தை. உங்களுக்குத் தென்னம்பாளையத்திலும் இருக்கிறது, வடக்கே புது பஸ் ஸ்டாண்டு பக்கமும் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்தில் இருந்து டிக்கெட் இல்லை, ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டுக் காயில் மிச்சம் பிடித்தேன் என்று சொல்லாதே. விடியற்காலம் போனால் நல்ல காய், எட்டு மணிக்கு மேல் போனால் விலை இறங்கின காய், உன் வீட்டு ஆட்கள் எதைச் சாப்பிடுவார்களோ அதற்குத் தகுந்த மாதிரி போ. நான் தக்காளிக்கு மட்டும் கடைசியில் போவேன், அன்றைக்கே தொக்கு கிண்டி வைத்துவிடுவேன்.

அப்புறம் நம்ம சமையலே சிக்கனச் சமையல்தானே. கொள்ளுப் பயறை ராத்திரி ஊறப்போட்டு வேகவைத்தால் பருப்பைக் கடைந்துகொள்ளலாம், வேகவைத்த தண்ணியில் ரசம் வைத்துக்கொள்ளலாம், ஒரு குக்கர் அடுப்பில் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது. அரிசியும்பருப்பும் செய்தால் ஒரே பாத்திரம், தொட்டுக்க ஒரு அப்பளமோ தயிரோ. தட்டப்பயறு, பச்சைப்பயறு கடைசல், ராகிக் களி எல்லாம் நம்ம அப்பத்தா காலத்தில் இருந்து இருப்பதுதான். இன்றைக்குப் பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்கிறார்கள் என்றால், கேட்கத்தான் செய்வார்கள்.

ஏட்டிக்குப்போட்டி (கோவை):
அக்கா கோவிச்சுக்காதீங்க. கொத்தமல்லித் தழைக்குப் பேரம் பேசி மாசம் 200 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. வருமானத்தைக் கூட்டுவதற்கு வழி பாருங்க. அந்தப் பெண் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தாலே வாரம் நாலாயிரம் கூட வருமே.

கொடுமுடிக்காரி (ஈரோடு):
இரண்டாவது படிக்கிற பையனை மூன்று மணிக்கு மேல் யார் பார்ப்பது, நீயா தம்பி? அவள் கேட்டது இருக்கிற காசை எப்படி நிறுத்துவது என்று.

ஏட்டிக்குப்போட்டி (கோவை):
சரிங்க சரிங்க. நான் சொல்ல வந்தது, சின்னச் செலவில் கண்ணை வைத்துக்கொண்டு பெரிய செலவை விட்டுவிடுகிறோம் என்பதுதான். பிச்சிப்பூ சொன்னதில் எனக்கு உறுத்துவது இரண்டு. "கரண்டு தனி", "நகைக் கடன் ஒன்று". அதைப் பற்றி இங்கே யாருமே கேட்கவில்லையே.

மீட்டர்பெட்டி (கோவை):
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன், லைன் வீடுகளுக்கு நிறைய வயரிங் செய்திருக்கிறேன். அம்மிணி, உங்களுக்கு மின்வாரியக் கார்டு தனியாக இருக்கிறதா, இல்லை வீட்டு ஓனர் சப் மீட்டர் வைத்து வசூல் பண்ணுகிறாரா? யூனிட்டுக்கு எவ்வளவு?

பிச்சிப்பூ (திருப்பூர்):
சப் மீட்டர்தானுங்க அண்ணா. யூனிட்டுக்கு 9 ரூபாய். மாசம் 90 யூனிட் பக்கம் வரும், மாசா மாசம் வாடகையோடு சேர்த்து 800 ரூபாய் கொடுக்கிறோம். மொத்தம் நாலு வீடு, எல்லாருக்கும் அதே கணக்குத்தான். நாங்கள் டிவி, பிரிட்ஜ், இரண்டு பேன், மிக்ஸி, கிரைண்டர் மட்டும்தான் வைத்திருக்கிறோம்.

மீட்டர்பெட்டி (கோவை):
இங்கேதான் ஓட்டை. கொஞ்சம் நிதானமாகப் படியுங்க, கணக்கு போடுகிறேன்.

மின்வாரியம் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கும். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 200 வரைக்கும் யூனிட் 2 ரூபாய் 35 பைசா, 200க்கு மேல் 400 வரைக்கும் 4.70, அப்புறம் 500 வரைக்கும் 6.30. 2024 ஜூலையில் ஏற்றின கணக்கு இது. உங்களுக்கு இரண்டு மாசத்துக்கு 180 யூனிட். தனி இணைப்பு இருந்தால் முதல் 100 போக மீதி 80, அதற்கு 188 ரூபாய். இரண்டு மாசத்துக்கு 188. நீங்கள் இப்போது கொடுப்பது 1,620. வருஷத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வித்தியாசம்.

ஓனரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிட முடியாது, அவர் பக்கமும் பாருங்க. நாலு வீடும் ஒரே இணைப்பில் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 720 யூனிட் வருகிறது. 500ஐத் தாண்டினாலே அட்டவணையே மாறிவிடும், அந்த 2.35 சலுகை போய் 101ல் இருந்தே 4.70 கணக்கு, 500க்கு மேல் 8 ரூபாய் சொச்சம், 600க்கு மேல் 9 ரூபாய் சொச்சம். நான் போட்டுப் பார்த்தேன், அவருக்கு 4,000 பக்கம் பில் வரும். உங்கள் நாலு வீட்டிலும் வசூல் 6,480. மோட்டார், வாசல் லைட்டு எல்லாம் இதில் வந்தாலும் அவருக்கு லாபம்தான். ஆனால் நாலு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு வாங்கினால் உங்களுக்கு ஆகும் மொத்தமே 752 ரூபாய். அரசாங்கம் கொடுக்கிற 100 யூனிட் நாலு வீட்டுக்கும் வர வேண்டியது, ஒரே ஒரு தடவை வந்து ஓனர் பில்லில் கரைந்துபோகிறது.

தனி வாசல், தனி அடுப்படி என்று குடித்தனம் தனித்தனியாக இருந்தால் ஓனர் பேரிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு வாங்கலாம். இணைப்புக்கு ஆகும் செலவை நாலு வீட்டுக்காரரும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று நீங்களே போய்ப் பேசுங்க. சண்டையாகப் போகாதீங்க.

ஒரு விஷயம். இந்தப் பேச்சு முடியாமல் யாராவது கரண்டு குறைவாக இழுக்கும் பிஎல்டிசி பேன் வாங்கச் சொன்னால் வாங்காதீங்க. சாதாரண பேன் 75 வாட், அது 30 வாட், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 32 யூனிட் குறையும். 9 ரூபாய்க் கணக்கில் 290 மிச்சம், 3,000 ரூபாய் பேன் இரண்டு வருஷத்துக்குள் அசலை எடுத்துவிடும். தனி இணைப்பு வந்துவிட்டால் அதே 32 யூனிட்டுக்கு 75 ரூபாய்தான் மிச்சம், அசல் எடுக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். சிக்கனச் சாமான் எல்லாருக்கும் சிக்கனம் இல்லை.

சிறுவாணித்தண்ணி (கோவை):
எனக்குச் சொந்த வீடு, ஏசி இருக்கிறது, கோடையில் 560, 580 யூனிட் வருகிறது. அப்போ 500க்குள் கொண்டுவந்தால் எவ்வளவு இறங்கும்?

மீட்டர்பெட்டி (கோவை):
500 என்றால் 1,805. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,050 பக்கம் போய்விடும். 580 என்றால் 2,700ஐத் தாண்டும். மீட்டர் எடுக்கிற தேதிக்குப் பத்து நாள் முன்னால் ரீடிங்கை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்க, அந்தப் பத்து நாள் ஏசியை ராத்திரி இரண்டு மணிக்கு அணைத்துப் பேனுக்கு மாறினால் கொஞ்சம் இறங்கும். ஹீட்டர் இருந்தால் அதையும் பாருங்க, 2,000 வாட் இழுக்கும், ஏப்ரல் மாசத்தில் கோவையில் எதற்கு வெந்நீர்.

சிறுவாணித்தண்ணி (கோவை):
எங்கள் மாமியாருக்குச் சித்திரையிலும் வெந்நீர் வேணுமுங்க. 😀

பழையகணக்கு (கோபி):
கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பெண்ணே, உன் சிக்கல் செலவு மட்டும் இல்லை. வருவது வாரக் கணக்கு, போவது மாசக் கணக்கு. சனிக்கிழமை கையில் 6,000 இருக்கும்போது நீ பணக்காரி, ஞாயிற்றுக்கிழமை கறி, பிள்ளைகளுக்கு ஏதாவது, திங்கட்கிழமை கடைப் பாக்கி, புதன்கிழமை வந்தால் கை காலி. வாடகை வாரத்தில் அந்த ஒரு சம்பளம் மொத்தமாகப் போய்விடுகிறது, அந்த வாரம் ஓட்டக் கைமாற்று வாங்குகிறாய், அடுத்த வாரம் அதை அடைக்கிறாய். சரிதானே? திருப்பூரில் பாதிக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. மாசச் சம்பளக்காரனுக்கு எழுதின யோசனை எதுவும் உங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

அதனால் சனிக்கிழமை ராத்திரியே, கறிக்கடைக்குப் போகும் முன்னால், வாடகைக்கு 1,250 எடுத்து ஒரு டப்பாவில் போடு. கேஸுக்கு 150, கரண்டுக்கு 200, அது தனி. நாலு சனிக்கிழமையில் வாடகை சேர்ந்துவிடும். இனிமேல்தான் முக்கியமானது. வருஷத்துக்கு 52 சனிக்கிழமை, மாசம் 12. அப்படியென்றால் வருஷத்தில் நாலு மாசத்துக்கு மட்டும் ஐந்தைந்து சனிக்கிழமை வரும். 2025 காலண்டரில் மார்ச், மே, ஆகஸ்ட், நவம்பர் அப்படி வந்தது. மாசம் வருஷத்துக்கு வருஷம் மாறும், காலண்டரைப் பார்த்துக்கொள். அந்த ஐந்தாவது சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வாடகை, கேஸ், கரண்டு எதுவும் கிடையாது, ஏனென்றால் நாலிலேயே எடுத்துவிட்டாய். சாப்பாட்டுச் செலவு போக அந்த வாரம் குறைந்தது ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரம் முழுசாக நிற்கும். ஒன்றைப் பள்ளிக்கூடச் செலவுக்கு வை. இன்னொன்றை நகைக் கடனுக்கு. மாசச் சம்பளக்காரனுக்கு இந்த வசதி கிடையாது.

ஏட்டிக்குப்போட்டி (கோவை):
ஐயா, இது எனக்கு இதுவரைக்கும் தோணவே இல்லை. அருமை.

நெசவுக்காரன் (சென்னிமலை):
எங்களுக்கும் வாரக் கூலிதானுங்க, தறிக்காரர்கள் எல்லாம் இதே பாடுதான். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கணும். நம்ம பக்கத்தில் சமையல் செலவில் யாரும் கெட்டுப்போகவில்லை, மொய்யிலும் சீரிலும்தான் கெட்டுப்போகிறோம். வைகாசி, ஆவணி, தை வந்தால் ஒரே முகூர்த்த நாளில் மூன்று பத்திரிகை. காதுகுத்து, எழுதிங்கள் சீர், கிரகப்பிரவேசம், மச்சான் வீட்டுப் பெண்ணுக்குத் தலை தீபாவளி. கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறது என்று பெருந்துறைச் சந்தை வரைக்கும் போய் வெங்காயம் வாங்குகிறவர், பங்காளி வீட்டு விசேஷத்தில் 2,000 எழுதுவார், கேட்டால் கௌரவம். நான் மொய் நோட்டைத் திருப்பிப் பார்த்து நமக்கு அவர்கள் செய்தது எவ்வளவோ அதை எழுதுவது, கூட நூறு ரூபாய், அதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு போகும் பழக்கத்தையும் வீட்டில் பேசி நிறுத்தினோம். ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களும் எங்களுக்கு அதே மாதிரிதான் எழுதுகிறார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் பாதிப் பேர் கறியும் எடுப்பதில்லை. இந்த மூன்று மாசமும் மொய்ப் பணத்தை எடுத்து வைக்கிற மாசம். ஆடி நோம்பிக்குத் துணி எடுக்காதீங்க என்று நான் சொல்ல மாட்டேன், நாங்களும் துணி விற்றுத்தான் பிழைக்கிறோம்.

கொடுமுடிக்காரி (ஈரோடு):
துணிக்கு ஈரோட்டில் திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தை கூடுதே, செவ்வாய்க்கிழமையும் இருக்கும், அங்கே வந்தால் பாவாடை, நைட்டி, துண்டு எல்லாம் மொத்த விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும். திருப்பூர்க்காரிக்குக் காதர்பேட்டை இருக்கிறது, பனியன், டி சர்ட்டுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிச்சிப்பூ (திருப்பூர்):
எல்லாருக்கும் நன்றிங்க. கரண்டுக் கணக்கைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் காட்டினேன். மொய் விஷயம் அப்படியே எங்கள் வீடுதான்.

நகைக் கடன் கேட்டீங்க. ஐந்து பவுன் அடகுக் கடையில் இருக்கிறது, 60,000 வாங்கினோம், 2 வட்டி. மாசம் 1,200 கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் வீதியில் ஒரு அக்கா பலகாரச் சீட்டு பிடிக்கிறார், வாரம் 200, தீபாவளிக்கு இனிப்பு காரம், எண்ணெய், மளிகை, ஒரு வெள்ளிக் காசு எல்லாம் வரும். போன தடவை கொடுத்தார்கள். அதுவும் சேமிப்புத்தானே?

பழையகணக்கு (கோபி):
2 வட்டி என்றால் மாசத்துக்கு 2 சதவீதம், வருஷத்துக்கு 24. வருஷம் 14,400 வட்டி மட்டும், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகைக் கடன் இதில் பாதி வட்டிக்கும் குறைவாகக் கிடைக்கும். பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள், வருஷம் 6,000. சும்மா இடத்தை மாற்றி வைப்பதற்கு 8,400 மிச்சம். ஐந்து பவுனுக்கு இன்றைய தங்க விலையில் 60,000 கொடுக்க எந்த வங்கியும் யோசிக்காது. அடகுக் கடையில் இருந்து நகையைத் திருப்ப ஒரு நாளைக்குப் பணம் வேண்டும், அதுதான் தடை. அண்ணன் தம்பி யாராவது காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் வங்கியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கம்பெனியில் முன்பணம் கேட்டாலும் சரி. ஆதார், பான் கார்டு எடுத்துக்கொண்டு போ. வருஷம் முடிவதற்குள் வட்டியைக் கட்டி மறுபடி வைக்கச் சொல்வார்கள், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வை, தவறவிட்டால் ஏலம் வரைக்கும் போகும்.

பலகாரச் சீட்டு. வாரம் 200 என்றால் வருஷத்துக்கு 10,400. அந்த வெள்ளிக் காசையும் எண்ணெயையும் கடை விலையில் கூட்டிப் பார்த்தாயா? கூட்டிப் பார். சில இடத்தில் சரியாக இருக்கும், சில இடத்தில் 8,000க்கு மேல் தேறாது. அந்த அக்கா நல்லவராகவே இருக்கட்டும், அவர் கையில் வீதிப் பணம் மாசக்கணக்கில் இருக்கிறது, அவர் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் பொறுப்பு? 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா, பென்ஷன் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டவர்களை எனக்கே தெரியும்.

நெசவுக்காரன் (சென்னிமலை):
சீட்டே தப்பு என்று சொல்லிவிட முடியாதுங்க ஐயா. நாங்கள் பதிவு பண்ணின கம்பெனியில் ஏலச்சீட்டு போட்டுத்தான் தறி வாங்கினோம்.

பழையகணக்கு (கோபி):
பதிவு செய்த சீட்டு வேறு. 1982 சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் வரும், நடத்துகிறவர் சீட்டைப் பதிவு பண்ணி டெபாசிட்டும் கட்டியிருக்க வேண்டும், கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, 2019 வரைக்கும் 5 சதவீதமாக இருந்தது. எனக்குப் பணம் தேவைப்படும் மாசம் தெரியும், தொழிலுக்குத்தான் எடுக்கிறேன் என்றால் போடு. சேமிக்க வேண்டும் என்பதற்காகச் சீட்டு போட்டு, ஏலத்தில் தொகையைக் குறைத்துத் தள்ளி எடுப்பது எனக்குப் பிடிக்காது.

இவளுக்கு அஞ்சலக ஆர்.டி. (தொடர் வைப்பு) போதும். மாசம் 100 ரூபாயில் இருந்து கட்டலாம், ஐந்து வருஷம், 2025ல் வட்டி 6.7 சதவீதம். அந்த வட்டியில் மாசம் 500 கட்டினால் 30,000 கட்டினதற்கு 35,700 பக்கம் வரும். ஒரு வருஷம் தவறாமல் கட்டினால் அதன் மேல் பாதி வரைக்கும் கடன் எடுக்கலாம், 2 வட்டிக்குப் போக வேண்டியதில்லை. மாசத்தின் முதல் 15 நாளில் கணக்கு தொடங்கினால் மாசா மாசம் 15க்குள் கட்ட வேண்டும், 16க்கு மேல் தொடங்கினால் மாசக் கடைசி வரைக்கும் நேரம் உண்டு. வாரச் சம்பளக்காரர்கள் 16க்கு மேல் தொடங்குவது நல்லது, மூன்று சம்பளம் கையைத் தாண்டின பிறகு கட்டலாம். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறதா? வந்தால் அதை அப்படியே ஆர்.டி.க்குத் திருப்பிவிடு, வீட்டுச் செலவில் கலக்காதே.

பிச்சிப்பூ (திருப்பூர்):
வருதுங்க ஐயா, 2023 செப்டம்பரில் இருந்து வருது. அது வந்த அன்றைக்கே வட்டிக் கடைக்குப் போயிடுது.

கொப்பரைக்களம் (காங்கயம்):
எண்ணெயைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நம்ம ஏரியா ஆச்சே என்று வந்தேன். மரச்செக்கு எண்ணெய் நல்லது, நான் மறுக்கவில்லை, ஆனால் மிச்சம் என்று நினைத்து வாங்காதீங்க. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும், அப்புறம் கூலி, விலை எப்படிக் குறையும். குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்க. சொந்தத் தென்னை இருந்து, கொப்பரை போட்டு ஆட்டிக்கொள்பவர்களுக்குக் கணக்கு வேறு, பத்துக் கிலோ கொப்பரைக்கு ஆறு கிலோ எண்ணெய் சொச்சம் வரும், பிண்ணாக்கை மில்லுக்கே விட்டுவிட்டால் கூலி கழிந்துவிடும், பிண்ணாக்கை எடுத்துக்கொண்டால் மாட்டுக்கு ஆகும். லைன் வீட்டில் மாடு ஏது. பொரிக்க ரேஷன் பாமாயில், தாளிக்க அரை லிட்டர் கடலை எண்ணெய், தலைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அது போதும். பொரிப்பதைக் குறைத்தால் அதுவும் மிச்சம்.

சாக்பீஸ் (தாராபுரம்):
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பிச்சிப்பூ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனதைப் பற்றி எழுதணும். மகள் ஏழாவது, அரசுப் பள்ளி என்றீர்கள். எட்டாவது முடிந்ததும் இங்கிலீஷ் மீடியம் தனியாருக்கு மாற்றச் சொல்லி அக்கம்பக்கத்தில் பேச்சு வரும், எல்லா வருஷமும் பார்க்கிறேன். மாற்றாதீங்க. ஆறில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் மாசம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் தொகை, மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு. நடுவில் ஒரு வருஷம் தனியாருக்குப் போனாலும் ஒதுக்கீடு போய்விடும். பையனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கொடுக்கிறார்களே, ஐந்தாவது வரைக்கும் உண்டு, சாப்பிட வைக்கிறீங்களா, இல்லை வீட்டில் இட்லி கொடுத்து அனுப்புகிறீங்களா? கூச்சப்பட வேண்டாம், எங்கள் பள்ளியில் நாங்களும் அதைத்தான் சாப்பிட்டுப் பார்க்கிறோம், செவ்வாய்க்கிழமைக் கிச்சடி நன்றாக இருக்கும்.

பிச்சிப்பூ (திருப்பூர்):
இது அவங்க வீட்டுக்காரர் எழுதுகிறேன். போனைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க, படித்தேன். நீங்கள் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவங்க எழுதிவிடுவாங்க. கம்பெனி வாசலில் பேக்கரி. காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு டீயும் பப்ஸும், சாயங்காலம் டீயும் ஒரு தேங்காய் பன்னும். ஒரு நாளைக்கு 70, 80 ஆகும். மாசம் 2,000. ராத்திரி எட்டரை மணி வரைக்கும் மெஷினில் உட்காருகிறவனுக்கு இதுவும் வேண்டாம் என்றால் எப்படிங்க.

கொடுமுடிக்காரி (ஈரோடு):
வேண்டாம் என்று யார் சொன்னது தம்பி. டீ குடி. பப்ஸுக்குப் பதிலாக வீட்டில் இருந்து வேகவைத்த கடலையோ சுண்டலோ டப்பாவில் கொண்டுபோ. முட்டை தட்டாக, முப்பதாக வாங்கினால் சில்லறையைவிடக் குறைவு, இரண்டு அவித்து எடுத்துக்கொண்டு போனால் பசியும் தாங்கும். பாதியாகக் குறையும், உடம்புக்கும் நல்லது.

ஏட்டிக்குப்போட்டி (கோவை):
அண்ணா, டீ உங்கள் உரிமை. வட்டிக் கடைக்கும் ஓனர் மீட்டருக்கும் கூடுதலாகப் போவதே வருஷத்துக்கு 17,000, அதை முதலில் பிடியுங்க, பப்ஸைப் பிறகு பார்க்கலாம். கொத்தமல்லியைப் பற்றி நான் சொன்னதையும் வாபஸ் வாங்கவில்லை.

கொடுமுடிக்காரி (ஈரோடு):
நீ வாங்க மாட்டாய் என்று தெரியும்.

பிச்சிப்பூ (திருப்பூர்):
ஓனர் வீட்டில் நாலு வீட்டுக்காரரும் சேர்ந்து போய்ப் பேசினோமுங்க. "இணைப்பு வாங்கினால் நாளைக்கு வீடே எங்களுது என்பீர்கள்" என்றார். அண்ணா எழுதின கணக்கைக் காட்டினோம், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் என்ன பண்ணுவது? நகையை மாற்ற என் தம்பி ஒரு நாளைக்குத் தருகிறேன் என்றிருக்கிறான், அடுத்த வாரம் போகிறோம்.

மீட்டர்பெட்டி (கோவை):
அந்தப் பயம் எல்லா ஓனருக்கும் உண்டு. இணைப்பு அவர் பேரில்தான் வரும், சொத்துவரி ரசீதும் அவர் பேரில்தான் கொடுக்க வேண்டும், ஆன்லைனில் அவரே விண்ணப்பிக்கலாம், உங்கள் பேர் எங்கேயும் வராது என்று தெளிவாகச் சொல்லுங்க. வாடகை ஒப்பந்தம் 11 மாசத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்றும் சொல்லிப் பாருங்க, அதில் அவருக்கு நம்பிக்கை வரும். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாடகையில் 200 கூட வாங்கிக்கொண்டு இணைப்பு கொடுங்க என்று கேளுங்க. வருஷத்துக்கு அவருக்கு நாலு வீட்டில் 9,600 வரும், உங்களுக்கு அப்பவும் ஆறாயிரம் மிச்சம். வேலை தொடங்கும்போது சொல்லுங்க, எந்தக் கம்பி, எத்தனை ஆம்பியர் என்று எழுதித் தருகிறேன், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.